சுவரோரம் ஓடிய எலிகளும் அக்காவின் முழுப்பேரும்

1. சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஒரு வெடிப்பு விழுந்தது. பதுளைக்கு அருகே, தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒரே தகரக்கூரையின் கீழ் காம்பரா எனும் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் பழைய லயம் அது. கடைசிக் காம்பராவின் பின்சுவர் சாய்ந்தது. யாருக்கும் காயமில்லை.

2. எல்லாக் குடும்பங்களையும் தோட்டப் பாடசாலையில் தங்கவைத்தார்கள். மழை விட்டதும் அதே லயத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். வேறிடத்தில் வீடு கட்டக் காணி வரும், அதுவரை கவனமாக இருங்கள் என்றார்கள்.

3. என் அக்கா செல்வி அந்த லயத்தில்தான் இருக்கிறாள். கொழுந்து பறிப்பவள். அவள் முதலில் பேச்சைக் குறைத்தாள், பிறகு சாப்பாட்டை. தை மாதமளவில் பெரட்டுக்குப் போவதையும் நிறுத்தினாள். பெரட்டு என்பது காலையில் தொழிலாளர்கள் கூடி, யாருக்கு எந்த மலை, எந்த நெரை, அதாவது செடி வரிசை, என்று கங்காணியிடம் கேட்டுப் பிரிகிற இடம்.

4. அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் அவளைப் பதுளைக்குக் கூட்டிப் போனார். கிளினிக்கில் மனச்சோர்வு என்று சொல்லி, தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

5. முதல் இரண்டு கிழமை அவளுக்குப் படபடப்பு கூடியது, கை நடுங்கியது. அப்படி வரலாம் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்ததால் மாமா பயப்படவில்லை.

6. அதன் பிறகு அக்கா வேலைக்குப் போனாள். தவறாமல் முழுப்பேர் போட்டாள். மருந்து வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். நான் சொன்னதற்கு வீட்டில் மதிப்பு அதிகம், ஏனென்றால் அந்த வகை மருந்துகளைச் சோதிப்பதுதான் என் தொழில்.

7. இந்த ஆண்டு மழை தொடங்கிய கிழமையில், மாத்திரையை நிறுத்தப் போவதாக அக்கா தொலைபேசியில் சொன்னாள்.

8. இதைப் பேர்கன் நகரிலிருந்து எழுதுகிறேன். நோர்வேயின் மேற்குக் கரையில் இருக்கிறது. இங்குள்ள ஆய்வகம் ஒன்றில் மனச்சோர்வு மருந்துகளைச் சுண்டெலிகளில் சோதிக்கிறேன். அதை வைத்தே முனைவர் பட்டத்துக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலையை வீட்டில் முதன்முதலாக விளக்கியபோது அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எலிக்கு என்ன புள்ள கவலை?"

மாமா பக்கத்திலிருந்து, இங்கேயிருந்து நாலைந்து அனுப்பவா, அரிசி மூட்டையைத் தின்றுவிட்டு எல்லாம் சந்தோசமாகத்தான் திரிகின்றன என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு அழைப்பும் எலிகளின் சுகத்தை விசாரித்துத்தான் தொடங்கும்.

அடுத்த கேள்வி மழை. "அங்க மழையா?" என்று அக்கா கேட்பாள். பேர்கனில் அநேகமாக எப்போதும் மழைதான். பிள்ளைகள் மழையங்கி போட்டுக்கொண்டு வெளியில் விளையாடுகிறார்கள். மழை பெய்கிறது என்று யாரும் நின்று வானத்தைப் பார்ப்பதில்லை. வந்த புதிதில் எனக்கு அது விசித்திரமாக இருந்தது. ஜன்னலில் சத்தம் பலத்தால் எழுந்து வெளியே பார்ப்பேன். பார்ப்பதற்கு ஒரு சைக்கிள் தரிப்பிடம் மட்டுமே இருந்தது.

9. பேர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்போம். அன்றைக்குக் கேட்ட எடைக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். சம்பளம் இதன்படி என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் சுகநலத்தையும் இதை வைத்தே அளப்பார்கள் என்பது வெளியார் பலருக்குத் தெரியாது.

பதுளைக் கடைத்தெருவில் ஒருவரைக் கண்டு, உங்கள் மருமகளுக்கு உடம்பு எப்படி என்று கேட்டால், "பேர் போடுறாங்க" என்று பதில் வரும். அத்தோடு விசாரிப்பு முடிந்தது. தோட்ட டிஸ்பென்சரியிலும் அப்படித்தான். நான் சிறுமியாக இருந்தபோது அக்கா காய்ச்சலோடு கொழுந்தெடுத்துவிட்டு மாலையில் மருந்துக்குப் போனாள். இன்றைக்குப் பேரா என்று அங்கிருந்தவர் கேட்டார். முழுப்பேர் என்றாள். பிறகு என்ன காய்ச்சல் என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அவர் கெட்டவர் அல்ல. அவரிடமிருந்த அளவுகோல் அது, எங்களிடமிருந்ததும் அதுதான்.

அதனால் அக்கா வேலைக்குத் திரும்பி முழுப்பேர் போட்டபோது, லயத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கிளினிக்கில் வைத்தியர், வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஆறுதலாகப் பேசுகிறவர், மாத்திரையைக் குளிசை என்பார். அக்கா, தினமும் முழுப்பேர் டாக்டர் என்று சொல்லியிருக்கிறாள். அவருக்கும் மகிழ்ச்சி.

10. இனி எலிகள். மருந்து வேலை செய்கிறதா என்று எலியிடம் கேட்க முடியாது. அது என்ன செய்கிறது என்றுதான் பார்க்கலாம். அதற்கென்று பல சோதனைகள் உண்டு. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது நீச்சல் சோதனை. கண்ணாடி உருளையில் இளஞ்சூட்டு நீர் நிரப்பி, சுண்டெலியைச் சில நிமிடம் அதில் விடுவோம். முதலில் நீந்தும், சுவரைப் பிறாண்டும். பிறகு மூக்கை மேலே வைத்துக்கொண்டு அசையாமல் மிதக்கும். எவ்வளவு நேரம் மிதக்கிறது என்று அளப்போம். மனச்சோர்வு மருந்து கொடுத்த எலி குறைவாக மிதந்து அதிகமாக நீந்தும் என்பது எதிர்பார்ப்பு. முடிந்ததும் துவாயால் துடைத்து, சூடான கூட்டில் விடுவோம். மிதப்பது நம்பிக்கை இழந்ததன் அடையாளம் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். தப்ப வழியில்லை என்று கண்டுகொண்ட எலி பலத்தை மிச்சம் பிடிக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்பவர்கள் இப்போது பலர். எங்கள் ஆய்வகமும் இந்தச் சோதனையைக் குறைத்துக்கொண்டு வருகிறது.

இரண்டாவது திறந்தவெளிச் சோதனை. பெரிய வெறும் பெட்டி ஒன்று. மேலே ஒரு கமரா. எலியை உள்ளே விட்டு அது எங்கெல்லாம் போகிறது என்று பதிவு செய்வோம். பயமில்லாத எலி சுற்றிப் பார்த்துவிட்டு நடுவுக்கும் வரும். பயந்த எலி சுவரை ஒட்டியே ஓடும்.

இந்த ஆண்டு வசந்தத்தில் ஒரு தொகுதி எலிகளில் மருந்துக்கு எந்தப் பலனும் தெரியவில்லை. நீச்சல் சோதனையில், மருந்து பெற்றவையும் வெறும் உப்புநீர் பெற்றவையும் ஏறத்தாழ ஒரே அளவு நீந்தின. மருந்து பயனற்றது என்று எழுதி முடித்திருக்கலாம். எனக்கு மேற்பார்வையாளராக இருக்கும் இங்ரித், திறந்தவெளிப் பதிவுகளைத் திரும்பப் பார்க்கச் சொன்னார். அதில் நாங்கள் ஓடிய தூரத்தை மட்டும் எடுத்திருந்தோம். தூரம் நன்றாகவே இருந்தது. எலிகள் சுறுசுறுப்பாக இருந்தன என்று தோன்றும். ஓடிய தடத்தை வரைந்து பார்த்தபோது, பல எலிகளின் படத்தில் பெட்டியின் நடு வெள்ளையாகக் கிடந்தது. நான்கு ஓரமும் கறுத்திருந்தன.

அந்த மாதம் பக்கத்து நடைக்கூடத்தில் சுவரில் துளையிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது, எலிகளுக்குப் பழகவில்லை. பயந்த எலிகளைத் தனியாகவும் அமைதியான எலிகளைத் தனியாகவும் பிரித்துப் பார்த்தோம். அமைதியானவற்றில் மருந்தின் வித்தியாசம் தெரிந்தது. பயந்தவற்றில் மருந்து பெறாதவையும் பெற்றவற்றைப் போலவே கைகால் அடித்து நீந்தியிருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, பயம் மருந்தைப் போலவே தெரிந்தது.

எல்லா ஆய்வகத்திலும் இப்படித்தான் வரும் என்று நான் சொல்லமாட்டேன். எலியின் இனம், வயது, எத்தனை நாள் மருந்து, யார் கையால் பிடித்தது என்று எல்லாமே முடிவை மாற்றும். பதற்றமான விலங்குகளில்தான் மருந்தின் பலன் தெளிவாகத் தெரிகிறது என்று இதற்கு நேர்மாறாகக் கண்டவர்களும் இருக்கிறார்கள். சில மருந்துகள் முதல் நாட்களில் பயத்தைக் கூட்டி, பல நாள் கொடுத்த பிறகு குறைக்கின்றன. நான் கற்றுக்கொண்டது சிறியது. பயத்தைத் தனியாக அளக்காமல், அசைவை மட்டும் அளந்து, மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கூடுகளை வேறு மாடிக்கு மாற்றினோம்.

11. நான் ரஞ்சினி அக்கா என்பவரின் வீட்டுக் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். பருத்தித்துறையிலிருந்து இங்கு வந்து பல காலம் ஆனவர். முதல் சந்திப்பில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்றார். பதுளை என்றேன். அவர் பதுளைக்குப் போனதில்லை. அவருடைய பிள்ளைகள் இருவரும் வீட்டில் நோர்வேஜிய மொழிதான் பேசுவார்கள். தாய் தமிழில் கேட்க, அவர்கள் அந்த மொழியில் பதில் சொல்ல, உரையாடல் தடையில்லாமல் நடக்கும். ஆனால் நான் செல்வி அக்காவோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும் சின்ன மகன் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்பான். என் தமிழ் சினிமாவில் வருவது போல இருக்கிறதாம்.

அக்கா மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்று சொன்ன அன்று ரஞ்சினி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, ஒரு மாதிரி இருக்கிறீர்?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாரும் என்றார். போக முடியாத நிலை. என் வதிவிட அனுமதி புதுப்பிப்புக்குக் கொடுத்தபடி கிடக்கிறது. அது வருமுன் நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே வருவது நிச்சயமில்லை.

அந்த விண்ணப்பத்தைக் கொடுக்கப் போனபோது சொந்த நாட்டு முகவரியைக் கேட்டார்கள். தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்தின் இலக்கம் எழுதிக் கொடுத்தேன். அலுவலர் பெண், தெருவின் பெயர் எங்கே என்றார். தெரு இல்லை என்றேன். வீட்டு இலக்கம்? காம்பராவுக்குத் தனி இலக்கம் இல்லை, கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வரும் என்றேன். கணினி அதை ஏற்கவில்லை. கடைசியில் அவர் லயத்தின் இலக்கத்தைத் தெருவின் பெயராகப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். ஊரில் அக்காவும் மாமாவும் காணிக்காக மேசை மேசையாக அலைவதும் இதே விஷயத்துக்குத்தான். எழுதுவதற்கு ஒரு முகவரி வேண்டும்.

12. மாத்திரையை நிறுத்த அக்கா சொன்ன காரணங்கள் நியாயமாகவே இருந்தன. சுகமாகிவிட்டது. பதுளைக்குப் போனால் ஒரு நாள் பேர் போகிறது. லயத்தில் சிலர் பைத்தியத்துக்கு மருந்து குடிக்கிறாள் என்கிறார்கள். டாக்டரைக் கேட்டாயா என்றேன். அவரே சுகம் என்றுதானே சொன்னார் என்றாள். நான் யோசித்துச் சொல்கிறேன், அதுவரை விடாதே என்றேன். ஞாயிறு வரைக்கும்தான் என்றாள்.

மறுநாள் இங்கே மதிய இடைவேளையில் கூப்பிட்டேன். அங்கே கொழுந்து நிறுக்கும் நேரம், அக்கா இன்னும் வரவில்லை. மாமா எடுத்தார். அவளுடைய புதுப் பழக்கம் ஒன்றைச் சொல்லிச் சிரித்தார்.

"உங்க அக்காவுக்கு இப்ப மேல் மலைதான் வேணுமாம் மாலா. கீழ் மலையில கொழுந்து கொட்டிக் கெடக்கு, இவ உச்சியில போயி நிக்கிறா. கங்காணி கேக்குறாரு, நான் இவளுக்கு நெரை குடுக்குறேனா, இவ எனக்குக் குடுக்குறாளான்னு."

ஏன் மேல் மலை என்று கேட்டேன்.

"அங்கேருந்து பாத்தா நம்ம லயமும் பின்னால மேடும் நல்லாத் தெரியும்ல. அத ஒரு கண்ணால பாத்துக்கிட்டே கையால எடுப்பா. கைக்கு ஓய்வே இல்ல."

அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நான் போகவிடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டேன். வீட்டில் உட்காருகிறாளா? இல்லை, நின்றபடிதான் சாப்பிடுகிறாள். எங்கே படுக்கிறாள்? கதவை ஒட்டி. வேறென்ன? உடுப்புகளை இரண்டு பையாகக் கட்டி வாசலில் வைத்திருக்கிறாள், மாசி மாதத்திலிருந்தே. பேசுகிறாளா? வேலை விஷயம் பேசுவாள்.

அவர் சொல்லி முடித்தபோது எனக்கு அந்தத் தடப்படங்கள் கண்முன்னே வந்தன. நாங்கள் எல்லோரும் அக்கா ஓடிய தூரத்தை அளந்திருக்கிறோம். எங்கே ஓடினாள் என்று பார்க்கவில்லை.

எலி வேறு, அக்கா வேறு. நான் வைத்தியரும் அல்ல. இதை எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஞாயிறு வரப் போகிறது. அவள் நம்புவது என் வார்த்தையைத்தான்.

13. ஞாயிற்றுக்கிழமை அக்காவே கூப்பிட்டாள். எந்த மலையில் எடுக்கிறாய் என்று நேராகக் கேட்டேன்.

"மாமா சொன்னாரா? அவருக்கு வேற வேலை இல்ல."

"ஏன் மேல போயி நிக்கிற?"

பின்னால் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

"யாராச்சும் பாத்துக்கிட்டு இருக்கணும்ல. எல்லாரும் குனிஞ்சு கொழுந்த பாத்தா, மேட்ட யாரு பாக்குறது?"

பயமா என்றேன்.

"பயம் ஒரு நோயா புள்ள? வெடிச்ச மேட்டுக்கு அடியில பயப்படாம படுத்தாத்தான் எனக்குக் கோளாறு. நீ அங்க உக்காந்து எலியப் பாக்குற. நான் இங்க நின்னு மேட்டப் பாக்குறேன். அவங்கவங்க வேலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சொன்னது சரி. எலிகளும் இல்லாத ஒன்றுக்குப் பயப்படவில்லை. சுவரில் உண்மையாகவே துளை போட்டார்கள்.

பிறகு அவள் கேட்டாள். "இந்த மாத்திரை எனக்கு வேலை செய்யுதா இல்லியா? நீ படிச்சவ. அத மட்டும் சொல்லு. செய்யலன்னா எதுக்குக் குடிக்கணும்? செஞ்சு முடிச்சிருச்சுன்னாலும் எதுக்குக் குடிக்கணும்?"

தெரியவில்லை என்றேன். வீட்டில் நான் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் தை மாதத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாளே, அந்த நிலை மாறியதற்கு மருந்து காரணமாக இருக்கலாம். பயமே அவளை எழுப்பி நிறுத்தியிருக்கவும் கூடும். இரண்டும் கலந்தும் இருக்கும். முழுப்பேரைப் பார்த்து அதைப் பிரித்தறிய முடியாது. சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காமல் தலைச்சுற்றும் நடுக்கமும் வரலாம், பழைய நிலையும் திரும்பலாம். மழைக்காலத்தில் அது வேண்டாம். இவ்வளவையும் சொன்னேன்.

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"டாக்டருக்குச் சொன்னாத் தெரியும். முழுப்பேர்னு மட்டும் சொல்லாதக்கா. எங்க நின்னு எடுக்குறன்னு சொல்லு. உக்காருறதே இல்லன்னு சொல்லு. பையக் கட்டி வச்சிருக்கேன்னு சொல்லு."

"அவரு மனசு டாக்டரு. அவருகிட்டப் போயி மேட்டப் பத்தி என்னத்தச் சொல்ல? சிரிக்க மாட்டாரு?"

"சிரிச்சா எனக்குப் போன் பண்ணு."

"நீ என்ன செய்வ? எலிய வுடுவியா?"

ஒரு நாள் பேர் போவதைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே, போகிறேன் என்றாள்.

14. கிளினிக்கில் நடந்ததை மாமா சொன்னார். பதுளை பஸ்ஸில் அக்கா நின்றுகொண்டே போனாளாம், இருக்கை காலியாக இருந்தும். உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். வைத்தியர் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு, மேடு எவ்வளவு தூரம், வெடிப்பு அகலமாகிறதா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். கடைசியில் அவர் சொன்னதை அக்கா அவருடைய பேச்சு மாதிரியே எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

"மண்மேட்டுக்கு என்னட்டைக் குளிசை இல்லை அம்மா. உங்களுக்குத்தான் இருக்கு. குளிசையை விடாதேங்கோ. மேட்டுக்கு வேற ஆக்களைப் பிடியுங்கோ."

மாத்திரை தொடர்கிறது. அளவை மாற்றவில்லை. மாதம் ஒருமுறை வரச் சொல்லி, தூக்கத்தையும் பயத்தையும் தனியாகக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மேட்டுக்கு ஆள் பிடிக்கும் வேலை மாமாவுடையது. பாதைக்கு அந்தப் பக்கம், சமதரையில், பழைய பிள்ளைக்காம்பரா ஒன்று பூட்டிக் கிடந்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் கட்டடம். புதியது கட்டியபின் அதை யாரும் திறக்கவில்லை. மாமாவும் மேல் லயத்துத் தொழிற்சங்கத் தலைவரும் தோட்ட நிர்வாகத்திடம் பேசி, மழை முடியும்வரை அபாயத்திலுள்ள குடும்பங்கள் அங்கே படுக்க அனுமதி வாங்கினார்கள்.

அக்கா முதலில் மறுத்தாள். அங்கேயிருந்து மேடு தெரியாது, பார்க்காமல் எப்படி இருப்பது என்றாள். இதற்கு நான் எதிர்பார்க்காத ஒரு ஏற்பாட்டை லயத்துப் பெண்கள் செய்தார்கள். மழையை அளக்கும் பிளாஸ்டிக் குவளை ஒன்று கோயில் வாசலில் முன்பே இருந்தது. வெடிப்பின் இரண்டு பக்கமும் குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி கயிறு கட்டினார்கள். குவளையையும் கயிற்றையும் பார்க்க முறை வைத்துக்கொண்டார்கள். குவளையில் தண்ணீர் கோட்டைத் தாண்டினாலோ கயிறு இழுபட்டாலோ கோயில் மணி அடிக்க வேண்டும். அக்காவுக்கும் ஒரு முறை உண்டு. மற்ற நேரத்தில் பார்ப்பது மற்றவர்களின் பொறுப்பு.

முதல் மூன்று நாட்கள் அவள் தன் முறை இல்லாதபோதும் போய்ப் பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை. "உங்க அக்கா எங்கள நம்பல மாலா" என்று பக்கத்துக் காம்பரா ராணி வீடியோவில் வந்து முறையிட்டாள். "நாங்க என்ன, கயித்துல துணியா காயப் போடுறோம்?"

15. இன்று நிலைமை இதுதான்:

காணி வரவில்லை. காகிதம் இன்னும் ஒரு மேசையில் இருக்கிறது. எந்த மேசை என்று மாமா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

மேடு அப்படியே நிற்கிறது. மணி இதுவரை அடிக்கவில்லை. மழை இன்னும் முடியவில்லை.

அக்கா மாத்திரையைத் தினமும் குடிக்கிறாள். இரவில் பிள்ளைக்காம்பராவில் படுக்கிறாள். மாமா சொல்வதன்படி, இப்போது கதவை விட்டுத் தள்ளி, சுவர்ப்பக்கம். ஒரு பையை அவிழ்த்துவிட்டாள். மற்றது கட்டியபடி இருக்கிறது.

என் வதிவிட அனுமதி வரவில்லை. வந்தால் தை மாதம் போவேன்.

ஆய்வகத்தில் எலிகள் புது மாடிக்குப் பழகிவிட்டன. அடுத்த தொகுதியை இனித்தான் தொடங்க வேண்டும். பயத்தைத் தனியாக அளந்த பிறகே மருந்து கொடுப்போம்.

நேற்றுப் பிற்பகல், அங்கே வேலை முடிந்த பிறகு, அக்கா பேசினாள். கங்காணி கீழ் மலையில் நிறுத்தினாராம், சரி என்று நின்றாளாம். ராணியும் பக்கத்து நெரையில். மாமா பின்னாலிருந்து, எடை போதவில்லை, இந்த வருசத்தில் இதுதான் முதல் தடவை என்று குறைப்பட்டுக்கொண்டார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆவல. ராணியோட கதை பேசிக்கிட்டே உக்காந்துட்டேன். கொழுந்து பத்தல."

ஒரு நாள் அளவை வைத்து நான் எந்த முடிவுக்கும் வருவதில்லை. நடந்ததை மட்டும் எழுதி வைக்கிறேன். நேற்று அக்காவுக்கு அரைப்பேர்.